வார்டன் முதல் ‘ஃபெலோ’ வரை: பல்கலைக்கழக வாசலில் நின்றவர்களின் வரலாறு



வரலாற்றுக்குள் செல்லும் முன்னர், என்னிடம் தொடக்கப்பள்ளியில் பயின்ற மாணவன் ஒருவனைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. செம்பனைத் தோட்டத்தில் பழக்குலை வெட்டும் தொழிலாளியின் மகன். எஸ்.டி.பி.எம். தேர்வில் நல்ல புள்ளிகள் பெற்று, 2012ஆம் ஆண்டில் வேறொரு மாநிலத்திலுள்ள அரசாங்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் இடம் கிடைத்தது. தோட்டமே மகிழ்ந்தது. பதிவு நாளன்று தகப்பனும் மகனும் விரைவுப் பேருந்தில் சென்றார்கள். தொடக்கக் கட்டணம் ஆயிரம் ரிங்கிட்டைத் தாண்டியது. தகப்பனார் கையில் எழுநூறுதான் இருந்தது. மேசைக்குப் பின்னால் இருந்தவர், முழுத்தொகையும் கட்டினால்தான் அறைச்சாவி என்று சொல்லிவிட்டார். இருவரும் அன்றிரவே பேருந்தேறித் திரும்பிவிட்டார்கள். பணம் புரட்டுவதற்குள் பதிவுக் காலம் கடந்தது, இடமும் போயிற்று.

மறு ஆண்டு இன்னொரு மாணவியின் பதிவுப் படிவங்களை நிரப்பித் தரும்போதுதான் நான் கண்டேன், கட்டணத்தைத் தள்ளிச் செலுத்த விண்ணப்பிக்கும் படிவம் ஒன்று அந்தக் கட்டிலேயே இருந்தது. அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. அவர்களுக்கும் கேட்கத் தெரியவில்லை. அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் இங்கே வேண்டியதில்லை.

நான் ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் பயின்று வந்தவள். பல்கலைக்கழக வாசலை வெளியிலிருந்து பார்த்தவள்தான். ஆகவே அந்த நிகழ்வு எனக்குள் ஒரு வினாவை விட்டுச் சென்றது. அந்த மேசைக்குப் பின்னால் அமர்ந்திருந்தவர் யார்? புதிதாக வரும் பிள்ளையையும் உடன்வரும் பெற்றோரையும் வரவேற்பதா, தடுத்து நிறுத்திச் சோதிப்பதா, எது அவருடைய வேலை? அந்த வேலை எப்போது, யாரால், எதற்காக உண்டாக்கப்பட்டது? சில ஆண்டுகளாகக் கிடைத்ததைப் படித்துச் சேர்த்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

மலாயாவின் உயர்கல்வி 1905ஆம் ஆண்டில் சிங்கப்பூர் சிப்பாய் லைன்ஸ் பகுதியில் தொடங்கிய மருத்துவப் பள்ளியிலிருந்து எண்ணப்படுகிறது. பெண்களுக்கான பழைய மனநோய் மருத்துவமனைக் கட்டடமே அதன் முதற்கட்டடம்; முதல் மாணவர்கள் 23 பேர். அரசாங்கம் தானாக முன்வந்து அதனைத் திறக்கவில்லை. தான் ஜியாக் கிம் தலைமையில் ஊர்ப் பெரியவர்கள் விண்ணப்பித்தார்கள். ஊர்மக்களிடம் திரட்டப்பட்ட தொகை 87,077 வெள்ளி. ‘பெற்றோர் பங்கேற்பு’ என்று இன்று நாம் பெரிதாகப் பேசுகிறோம். இந்நாட்டின் முதல் உயர்கல்விக்கூடமே குடும்பங்களின் பணத்தில் எழுந்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கும் அக்காலத்தில் ஐக்கிய மலாய் மாநிலங்கள் எனப்பட்டன. அங்கிருந்து சிங்கப்பூருக்குப் படிக்கச் சென்ற பிள்ளைகளுக்குத் தங்க இடம் வேண்டுமல்லவா? 1916ஆம் ஆண்டில் அவர்களுக்கென்று விடுதி உண்டாயிற்று. இன்று சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் உள்ள எட்வர்ட் மன்னர் விடுதி தன் வரலாற்றை அந்த ஆண்டிலிருந்துதான் கணக்கிடுகிறது. விடுதி வந்ததும் விடுதிக்கு ஒரு பொறுப்பாளரும் வந்தார். அவருக்கு ஆங்கிலேயர் இட்ட பெயர் ‘வார்டன்’. நாம் விடுதிக் காப்பாளர் என்று மொழிபெயர்த்துக் கொண்டோம். ‘காப்பாளர்’ என்பதில் பிள்ளையைக் காப்பவர் என்ற பொருளும் உண்டு. கட்டடத்தைக் காவல் காப்பவர் என்ற பொருளும் உண்டு. ஆங்கிலச் சொல்லிலும் அதே இரட்டைப் பொருள்தான். சிறைச்சாலைக்கும் அந்தச் சொல்லே புழங்குகிறது.

ஆங்கிலேயச் சட்டத்தில், கல்விக்கூடம் பெற்றோரின் இடத்தில் நிற்கிறது என்றொரு பழங்கொள்கை இருந்தது. இரவு எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும், யார் வந்து பார்க்கலாம், யாருக்குத் தண்டனை என்பதையெல்லாம் வார்டன் முடிவு செய்தது அந்தக் கொள்கையின் பேரில்தான். பெற்றோரின் இடத்தில் கல்விக்கூடமே நின்றுவிட்டதால், பெற்றோர் வந்து நிற்க இடமில்லாமல் போயிற்று. பிள்ளையைக் கப்பலிலோ இரயிலிலோ ஏற்றி அனுப்புவதோடு குடும்பத்தின் பங்கு முடிந்துவிட்டது.

வார்டன் கண்ணுக்கு எட்டாத இடத்தில், புதியவரை ‘வரவேற்கும்’ வேலையை மூத்த மாணவர்கள் எடுத்துக்கொண்டார்கள். நம் நாட்டுத் தமிழில் இன்று பகடிவதை என்று சொல்கிறோமே, அதுதான். மருத்துவக் கல்லூரியிலும், 1928இல் மாணவர்களைச் சேர்க்கத் தொடங்கிய இராஃபிள்ஸ் கல்லூரியிலும் அது ஒரு மரபாகவே நடந்தது. பழைய மாணவர் பலர் பிற்காலத்தில் சிரித்துக்கொண்டே அதனை நினைவுகூர்ந்திருக்கிறார்கள். சிரிக்க முடியாதவர்கள் அதைப் பற்றி எழுதவில்லை என்று கருதுகிறேன்.

1947ஆம் ஆண்டில் கார்-சாண்டர்ஸ் தலைமையிலான ஆணையம் வந்தது. அதன் பரிந்துரைப்படி இவ்விரண்டு கல்லூரிகளும் இணைந்து, 1949 அக்டோபர் 8ஆம் நாள் மலாயாப் பல்கலைக்கழகம் பிறந்தது. மாணவர் தங்கிப் பயிலும் பல்கலைக்கழகமாக, ஜொகூர் பாருவில் அதனை அமைக்கவேண்டும் என்பது அன்றைய திட்டம். பல இனப் பிள்ளைகள் ஒரே கூரையின்கீழ் தங்கிப் படித்தால்தான் ஒரு நாட்டு மக்களாக உருவாவார்கள் என்ற நம்பிக்கை அக்காலத்தில் வலுவாக இருந்தது. ஜொகூர் பாருத் திட்டம் நிறைவேறவில்லை. ஆனால், உறைவிடக் கல்லூரி என்ற எண்ணம் மட்டும் நிலைத்துவிட்டது. 1959இல் பல்கலைக்கழகத்தின் கோலாலம்பூர்ப் பிரிவு தன்னாட்சி பெற்ற அதே ஆண்டில், பந்தாய்ப் பள்ளத்தாக்கில் முதலாம் உறைவிடக் கல்லூரி தோன்றியது. பின்னர் இரண்டாவது, மூன்றாவது என்று வரிசையாக எழுந்தன. இன்றும் மலாயாப் பல்கலைக்கழக மாணவரிடம் எங்கே தங்கியிருக்கிறாய் என்று கேட்டால், பெயரைச் சொல்லாமல் எண்ணைத்தான் சொல்வார்கள்.

இங்கே தமிழர் கதை ஒன்று குறுக்கிடுகிறது. 1956இல் இந்திய இயல் துறை சிங்கப்பூரில் தொடங்கப்பட்டபோது, அதில் முதலிடம் சமஸ்கிருதத்திற்கா தமிழுக்கா என்ற வாதம் எழுந்திருந்தது. தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி அவர்கள் ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் முழக்கத்தோடு நிதி திரட்டினார். துறைமுகத் தொழிலாளரும் தோட்டத் தொழிலாளரும் ஒரு வெள்ளி, இரண்டு வெள்ளி என்று கொடுத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பல்கலைக்கழகத்தின் உட்புறத்தைக் கண்டதே இல்லை. தமிழ் அங்கே நிலைபெற்றது. 1959இல் துறை கோலாலம்பூருக்கு இடம்பெயர்ந்தது. 1961 முதல் 1969 வரை தனிநாயகம் அடிகளார் அதன் தலைவராக இருந்தார். 1966இல் முதலாம் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் நடந்ததும் அவருடைய முயற்சியால்தான். அவருடைய ஆய்வுப் பணிகளைப் பற்றி நிறைய எழுதியாயிற்று. எனக்குத் தோன்றுவது வேறு. ஆங்கிலம் அறியாத தோட்டத்துத் தகப்பன் ஒருவர் அந்த வளாகத்தில் தம் மொழியிலேயே வாய்திறந்து பேசக்கூடிய கதவு ஒன்று அத்துறையால் கிடைத்தது. நல உதவி அதிகாரி என்ற பதவி ஏதும் இல்லாமலேயே, தமிழ் விரிவுரையாளர்கள் அந்தப் பொறுப்பைச் சுமக்க நேர்ந்திருக்கும்.

1969 மே 13 நிகழ்வுக்குப் பிறகு எல்லாம் மாறியது. தேசிய நடவடிக்கை மன்றம், மலாயாப் பல்கலைக்கழக மாணவர்களின் வளாக வாழ்க்கையை ஆராய ஒரு குழுவை அமைத்தது. மஜீட் இஸ்மாயில் அறிக்கை என்று அறியப்படும் அதன் அறிக்கை 1971இல் வெளிவந்தது. மாணவர் சேர்க்கை நாட்டின் இன விகிதத்தை எதிரொலிக்க வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரையால் நம் பிள்ளைகளுக்கு நேர்ந்ததைப் பற்றி நம்மவர் நிறையப் பேசியிருக்கிறார்கள். நான் அதற்குள் போகவில்லை. இன்னொன்று கவனிக்கத்தக்கது. பிள்ளை எங்கிருந்து வருகிறான், எந்தச் சூழலில் படிக்கிறான் என்பது ஆராய வேண்டிய பொருள் என்று அரசாங்கம் ஏற்றுக்கொண்டது அப்போதுதான்.

அதே 1971ஆம் ஆண்டில் இரண்டு சட்டங்கள் பிறந்தன. ஒன்று, 18 வயது நிரம்பியவர் முழு வளர்ச்சியடைந்தவர் என்று கூறும் சட்டம். மற்றொன்று, பல்கலைக்கழக, பல்கலைக்கழகக் கல்லூரிச் சட்டம். மலாய்ச் சுருக்கத்தில் ‘ஆவுக்கு’. முதற்சட்டம் பிள்ளையைப் பெரியவன் என்றது. இரண்டாவது சட்டம் அவனை மேற்பார்வைக்கு உட்படுத்தியது.

1974இல் இரப்பர் விலை வீழ்ந்தது. பாலிங்கில் சிறுதோட்டக்காரர்கள் பசியால் வாடுகிறார்கள் என்று போராட்டம் வெடித்தது. டிசம்பர் 3ஆம் நாள் மாணவர்கள் கோலாலம்பூரில் திரண்டார்கள். 1,000க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். அதைத் தொடர்ந்து 1975இல் சட்டம் திருத்தப்பட்டு இறுக்கப்பட்டது. மாணவர் அரசியல் கட்சிகளிலோ தொழிற்சங்கங்களிலோ சேரக்கூடாது, ஆதரவும் காட்டக்கூடாது. ஒழுங்கு நடவடிக்கை அதிகாரம் துணைவேந்தரிடம் குவிந்தது. காலப்போக்கில் துணைவேந்தருக்கு அடுத்த நிலையிலுள்ள ஓர் அதிகாரியின் கீழ், ‘ஹெப்’ என்று மாணவர் வழக்கில் சுருங்கிவிட்ட மாணவர் விவகாரப் பிரிவு வலுப்பெற்றது.

இந்தப் பதிவில் நான் சொல்ல வந்ததன் நடுப்பகுதி இதுதான். கடன் உதவிக்குப் போனாலும் ‘ஹெப்’. அறை கிடைக்காவிட்டாலும் ‘ஹெப்’. சங்கக் கூட்டத்திற்கு அனுமதி கேட்டாலும், துண்டறிக்கை விநியோகித்ததற்கு விளக்கம் கேட்கப்பட்டாலும் ‘ஹெப்’. உதவிக்கரமும் பிரம்பும் ஒரே அலுவலகத்தில் வைக்கப்பட்டன. பள்ளி ஆசிரியர்களாகிய நமக்கு இது புதிதன்று. கட்டொழுங்கு ஆசிரியரும் நல்லுரை ஆசிரியரும் ஒருவராகவே இருக்கும் சிறுபள்ளிகள் உண்டு. எந்த மாணவன் அவரிடம் மனம்விட்டுப் பேசுவான்? ஆலோசகர்களுக்கு முறையான பதிவும் தகுதியும் வேண்டும் என்ற ஆலோசகர் சட்டம் நம் நாட்டில் 1998இல்தான் வந்தது. மாணவர் கட்சிகளில் சேரலாம் என்று ‘ஆவுக்கு’ தளர்த்தப்பட்டது 2012இல். நான் தொடக்கத்தில் சொன்ன மாணவன் திரும்பி வந்ததும் அதே ஆண்டுதான்.

மொழியும் ஒரு தடையாக இருந்தது. 1983ஆம் ஆண்டில் பல்கலைக்கழகப் பயிற்றுமொழி மாற்றம் முதலாண்டுப் பாடங்கள் அனைத்திற்கும் எட்டியது. அதுவரை ஆங்கிலத்தில் வந்த கடிதங்கள் மலாயில் வரலாயின. தமிழ்ப்பள்ளியோடு படிப்பை நிறுத்திய பெற்றோருக்கு இரண்டும் ஒன்றுதான். சந்தையில் மலாய் சரளமாகப் பேசும் தாய்மார்கள்கூட அரசாங்கக் கடித மலாயைக் கண்டால் மிரள்வார்கள். சலுகைக் கடிதம், மருத்துவச் சோதனைப் படிவம், நெஞ்சு எக்ஸ்ரே, உறுதிசெய்யப்பட்ட சான்றிதழ் நகல்கள், உதவித்தொகை ஒப்பந்தத்திற்கு ஜாமீன்தாரர் என்று நீளும் அந்தப் பட்டியலைப் படித்துக் காட்டியவர்கள் பெரும்பாலும் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள்தாம். நகல்களில் முத்திரை குத்தித் தந்தவர் தலைமையாசிரியர். இந்தப் பணியை எந்தப் பல்கலைக்கழக வரலாறும் எழுதாது. எழுத வேண்டும் என்றும் நாம் கேட்டதில்லை.

இதற்கிடையில் பதவிப்பெயர்கள் மாறியதைக் கவனிப்பது மொழியாசிரியருக்குச் சுவையானது. 1969இல் தொடங்கிய மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம், மின்டன் முகாம் என்ற பழைய பிரிட்டிஷ் இராணுவ முகாமுக்கு 1971இல் குடியேறியது. அங்கே விடுதிகளுக்கு ‘டேசாசிஸ்வா’ என்று பெயர், அதாவது மாணவர் கிராமம். அதன் பொறுப்பாளர் ‘பெங்காவா’. கிளந்தானில் ஊர்ப்பகுதித் தலைவருக்கு வழங்கும் பெயர் அது. படைவீரர் தங்கிய இடத்தைக் கிராமமாக்கி, அதற்கு ஊர்த்தலைவரையும் வைத்தவர் யாராயினும் நல்ல உள்ளம் படைத்தவர். மலாயாப் பல்கலைக்கழகத்திலும் தேசியப் பல்கலைக்கழகத்திலும் விடுதித் தலைவர் ‘பெங்கெத்துவா’. இடைநிலைப்பள்ளி முதல்வருக்கும் அதே சொல். சிந்தோக்கிலுள்ள வட மலேசியப் பல்கலைக்கழகத்தில் விடுதிகளுக்கு ‘இனாசிஸ்’ என்று பெயரிட்டு, நிறுவனங்களின் பெயர்களையும் சூட்டினார்கள். புரோட்டோன் விடுதியில் தங்கியிருக்கிறேன் என்று என் மாணவி சொன்னபோது கார் தொழிற்சாலையோ என்று அவளுடைய பாட்டி கேட்டாராம்!

இவர்களுக்குக் கீழே இருப்பவர்தான் ‘ஃபெலோ’. பெரும்பாலும் விரிவுரையாளர் அல்லது இளநிலை அதிகாரி. பகலில் தம் வேலை. மாலை முதல் விடுதிதான் அவர் வீடு. மனைவி மக்களோடு அதே கட்டடத்தில் குடியிருப்பார். நள்ளிரவில் காய்ச்சல் கண்ட பிள்ளையைத் தம் காரில் மருந்தகத்திற்கு ஏற்றிச் செல்வார். வீட்டு நினைவில் அழும் பிள்ளையின் கதவைத் தட்டுவார். வார்டன் என்பதிலிருந்து ‘ஃபெலோ’, அதாவது தோழர் என்ற சொல்லுக்கு வந்து சேர்ந்தது சிறிய மாற்றமன்று. சொல் மாறியதால் மட்டும் மனம் மாறிவிடுமா என்றால், இல்லை. அந்தப் பெயரைத் தாங்கி இரவெல்லாம் உறங்கியே கழித்தவர்களும் இருக்கக்கூடும். ஆயினும் நான் கண்ட ஒருவரைப் பற்றிச் சொல்லவேண்டும்.

2017இல் என் முன்னாள் மாணவியின் தாயார், “டீச்சர், நீங்களும் கூட வாங்க. அங்க ஏதாச்சும் கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது” என்று அழைத்ததால், அவர்களோடு பதிவுக்குச் சென்றேன். வாடகை வேனில் தாய், தகப்பன், தம்பி, பாட்டி, நான். பின்னால் வாளி, துணிமாட்டிகள், தலையணை, மைலோ டின், எலுமிச்சை ஊறுகாய். மண்டபத்தில் பெற்றோருக்கென்று விளக்கக்கூட்டம் இருந்தது. வார்டன்களின் காலத்தில் பெற்றோருக்கு நாற்காலியே கிடையாது என்பதை எண்ணிக்கொண்டேன். விளக்கம் முழுவதும் மலாயில், திரைப்படங்களோடு, மிக விரைவாகச் சென்றது. தாயார் ஒன்றும் பேசவில்லை. வெளியே வந்ததும், முக்காடிட்ட இளம் பெண் ஃபெலோ ஒருவர் அவர் அருகில் வந்து, “சுடா மக்கான், ஆண்ட்டி?” என்று கேட்டார். சாப்பிட்டாயிற்றா என்ற அந்த ஒரு கேள்வியில் தாயாரின் கட்டு தளர்ந்தது. பிறகு அவரே கேட்டார், மிச்சக் கட்டணத்தை எப்போது கட்டவேண்டும் என்று. ஃபெலோ ஒரு படிவத்தை எடுத்து, எங்கே கையொப்பமிட வேண்டும் என்று பென்சிலால் குறியிட்டுக் கொடுத்தார். அதே வகைப் படிவம்தான்.

அந்தப் படிவத்தைப் பார்த்தபோது எனக்கு என்ன தோன்றியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

கடைசியாக 2020. பெருந்தொற்றின் நடுவே அக்டோபர்த் தொடக்கத்தில் புதிய மாணவர் பதிவு நடக்கவிருந்தது. அக்டோபர் 2ஆம் நாள், வெள்ளிக்கிழமை, வளாகத்திற்கு நேரில் வந்து பதிவதை ஒத்திவைக்குமாறு உயர்கல்வி அமைச்சு பல்கலைக்கழகங்களுக்கு அறிவுறுத்தியது. பலருக்கு மறுநாளே பதிவு. விமானச் சீட்டு வாங்கியவர்கள், முதல்நாளே புறப்பட்டுவிட்டவர்கள், நெடுஞ்சாலையில் இருந்தவர்கள் என நாடு முழுவதும் குடும்பங்கள் திகைத்து நின்றன. சமூக ஊடகங்கள் கொதித்தன. அறிவிப்பு மேலிருந்து வந்தது. அதற்குப் பதில் சொல்லவேண்டியவர்களோ விடுதி வாசலில் நின்ற பணியாளர்கள். ஏற்கெனவே வந்துவிட்டவர்களை விடுதியில் தங்கவைக்கப் பல பல்கலைக்கழகங்கள் அன்றிரவே ஏற்பாடு செய்தன.

அன்றிரவு என்னிடம் படித்த மற்றொரு பெண், பேராக்கிலிருந்து தெற்கு நோக்கிச் சென்றுகொண்டிருந்தாள். இரவு ஒன்பதைத் தாண்டி அழைத்தாள். “டீச்சர், வரவேணாம்னு நியூஸ்ல போட்டிருக்காங்களாம். நாங்க ஆயர் குரோவுல நிக்கிறோம். அப்பா திரும்பிடலாமாங்கிறாரு.” சலுகைக் கடிதத்தோடு வந்த விடுதித் தாளின் அடியில் ஃபெலோவின் கைத்தொலைபேசி எண் இருக்கும், முதலில் அவரை அழைத்துக் கேள் என்றேன். ஏறத்தாழ அரைமணி நேரம் பதிலில்லை. பிறகு ஒரு குறுஞ்செய்தி: “வரச் சொல்லிட்டாரு டீச்சர்.”

நள்ளிரவுக்குப் பின் கட்டட எண்ணும் அறை எண்ணும் வந்தன. தொற்றுக்காலக் கட்டுப்பாட்டினால் பெற்றோரை வளாகத்திற்குள் விடவில்லை. வாளியையும் தலையணையையும் ஃபெலோதான் வாசலில் வந்து வாங்கிக்கொண்டாராம். தகப்பனார் வேனைத் திருப்பிக்கொண்டு வீடு வந்து சேர மறுநாள் காலை எட்டு மணியாயிற்று.